புளித் தண்ணீரில் ஊறிய சங்கு

சங்கு கரையும் என்று அந்தத் திங்கட்கிழமை காலை வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் எட்டாவதோடு நின்றவள். பெருமாள் கையில் இருப்பது சங்கு. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது சங்கு. சாவு வீட்டில் ஊதுவது சங்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். பித்தளை மாதிரி, கருங்கல் மாதிரி அதுவும் ஒரு கெட்டியான பொருள் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் தெற்கே, விருதுநகர்ப் பக்கம். கல்யாணமான மறு வருஷமே நெய்வேலிக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரருக்கு அனல் மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை. டவுன்ஷிப்பில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸுக்கு எதிர் வீட்டில் நெல்லிக்குப்பத்துக்கார அக்கா ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கரி போகிற பெல்ட் ஓடுகிற இடத்தில் வேலை. அவரை நாங்கள் அண்ணன் என்போம். அந்த அக்காவும் நானும் ஒரே சமயத்தில்தான் கோலம் போடுவோம், ஒரே சமயத்தில்தான் ரேஷன் கடைக்குப் போவோம். ஒரு வீட்டுக் குழம்பு வாசனை இன்னொரு வீட்டில் வராமல் இருந்தால் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிடுவோம்.

நெய்வேலியில் எதைத் துடைத்தாலும் துணியில் சாம்பல் கோடு விழும். கொடியில் போட்ட வேட்டி, முற்றத்துத் துளசி, ஜன்னல் கம்பி, சாமி படத்துக் கண்ணாடி, எல்லாவற்றின் மேலும் மெல்லிசாக ஒரு தூசி படிந்திருக்கும். மழை பெய்தால் அது குழம்பி இலைகளில் திட்டுத் திட்டாகக் காயும். யாரும் அதைக் குறையாகச் சொல்லமாட்டோம். மின் நிலையத்துப் புகைபோக்கி புகைந்தால்தான் எங்கள் அடுப்பு புகையும். இதை எல்லாரும் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன்.

சாம்பல் படிந்தால் துடைக்கலாம். எண்ணெயும் சாம்பலும் சேர்ந்து பிசுக்காகிவிட்டால் அதற்குப் புளிதான். வியாழக்கிழமை தோறும் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக் கொல்லையிலும் பழைய புளி ஊறும். குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், மணி, எல்லாம் புளித் தண்ணீரில் கிடந்து எழுந்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். இது தெரியாத பெண்பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது.

என் மகள் அப்போது கடலூருக்குத் தெற்கே கடலோரமாக இருந்த ஒரு கல்லூரியில் கடல் உயிர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஹாஸ்டலில் தங்கி, லீவுக்கு லீவு வருவாள். வந்தால் அவள் துணியில் கருவாட்டு வாசனை அடிக்கும். 'நாம சைவம், நீ மீன்காரர் வீட்டுப் பொண்ணு மாதிரி வர்றியே' என்று நான் திட்டுவேன். அவள் என்ன படிக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. பாஸாகிறாளா என்று மட்டும் கேட்பேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் அண்ணன் வேலைக்குப் போன இடத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னால் ஒழுகுகிறது, மாற்றியாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பாண்டிச்சேரியில் ஆபரேஷன். கார்த்திகை மூன்றாம் சோமவாரம் முடிந்து புதன்கிழமை நாள் குறித்தார்கள்.

கார்த்திகைத் திங்கட்கிழமை என்றால் சிவன் கோயிலில் சங்காபிஷேகம். எங்கள் டவுன்ஷிப் கோயிலில் மூன்றாவது திங்கள்தான் விசேஷம். நெல்லைப் பரப்பி, அதன் மேல் நூற்றியெட்டுச் சங்கை லிங்க வடிவத்தில் அடுக்கி, வாசனைத் தண்ணீர் ஊற்றி, பூ வைத்து, பூஜை முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவாமிக்கு ஊற்றுவார்கள். நடுவில் ஒரு பெரிய சங்கு. அதுதான் தலைமை. பழைய பெரிய சங்கு முன் வருஷம் கை தவறி விழுந்து விளிம்பு போய்விட்டது. அந்த இடத்துக்கு ஒரு சங்கு வாங்கித் தருவதாக அக்கா வேண்டிக்கொண்டார்.

'வலம்புரிலாம் நம்மளுக்கு எட்டாது தங்கச்சி. இடம்புரிதான். ஆனா பெருசா, லட்சணமா இருக்கணும். அது நடுவுல குந்திக்கினு சாமி தலையில தண்ணிய ஊத்தணும். இவரு எழுந்து நடந்து வரணும்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ராமேஸ்வரம் போன சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்லி வரவழைத்தார். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய சங்கு. உள்ளே இளஞ்சிவப்பாக, கன்றுக்குட்டியின் காது மாதிரி இருந்தது. வெளியே மட்டும் பள்ளங்களில் பழுப்புத் தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகில் புழு அரித்த மாதிரி இரண்டு பொட்டு. கடைக்காரர் அதைச் சுண்ணாம்பு மாதிரி எதையோ வைத்து அடைத்திருந்தார். குருக்கள் வாங்கிப் பார்த்து, 'பேஷ், நடுவுல இதையே வச்சுடலாம்' என்றார். அன்றைக்கு அக்கா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். அண்ணன் படுத்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

சோமவாரத்துக்கு முந்தின ஞாயிறு எங்களுக்கு உழவாரப் பணி. கோயிலைக் கூட்டி, கழுவி, புல் செதுக்கி, பாத்திரம் துலக்கித் தருகிற தொண்டு அது. ஆண்கள் பிராகாரத்தில். நாங்கள் மடப்பள்ளிக்குப் பின்னால் குழாயடியில். விளக்குகள் எல்லாம் நீல ட்ரம்மில் புளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. சங்குகளைச் சாக்கிலிருந்து கொட்டினார்கள். ஒரு வருஷம் முழுக்க ஸ்டோர் அறையில் கிடந்தவை. எண்ணெய், மஞ்சள், சந்தனம், அதன் மேல் எங்கள் ஊர்ச் சாம்பல். தேங்காய் நாரால் தேய்த்தோம், போகவில்லை.

'ஏன் கெடந்து கையத் தேச்சிக்கினு இருக்கீங்க? வெளக்குத்தான் முடிஞ்சிபோச்சே, அந்த ட்ரம்முலயே போடுங்க' என்றார் அக்கா.

'சங்கைப் புளியில போடலாமாக்கா?'

'பித்தளைக்கே ஆவுது, சங்குக்கு ஆவாதா?'

கூட இருந்தவர்களில் ஒருத்தி சிரித்தாள். 'அவங்க வூட்டுக்காரரையே புளிபோட்டுத் தேச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவாங்க.' அக்காவும் சிரித்தார். நான் இன்னும் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினேன். பூஜைக்குப் பிழிந்த எலுமிச்சைத் தோல் ஒரு கூடை கிடந்தது. அதையும் அள்ளிப் போட்டோம். அக்கா தன் பெரிய சங்கைக் கடைசியாக எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நடுவில் மெதுவாக இறக்கினார். அந்தப் பழுப்புத் தோல் போய்ப் பால் மாதிரி ஆகிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

இறக்கினதும் சங்குகளின் மேலெல்லாம் பொடிப் பொடியாக நுரை கிளம்பியது.

'பாரு பாரு, அழுக்கு எப்படிப் பொங்குது!' என்றாள் அந்தச் சிரித்தவள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். உஸ்ஸென்று சத்தம்கூடக் கேட்டது. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். மழை பிடித்துக்கொண்டது. மூடியைப் போட்டுவிட்டு, காலையில் வந்து அலசிக்கொள்ளலாம் என்று ஓடிவிட்டோம்.

காலையில் மூடியைத் திறந்தது நான்தான். தண்ணீர் கழுநீர் மாதிரி வெளுத்திருந்தது. மேலே ஏடு. கையை விட்டேன். முதலில் கிடைத்த சங்கை எடுத்ததும் என் விரலெல்லாம் வெள்ளையாக வழிந்தது. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. 'இன்னா அது, மாவு மாதிரி?' என்றார். நான் தண்ணீரில் காட்டிக் கழுவினேன். பளபளப்பு இல்லை. சாக்பீஸ் மாதிரி இருந்தது. விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டியது. அடுத்ததை எடுத்தேன், அதுவும். அதற்கடுத்தது, அதுவும். சின்னதாக மெலிந்திருந்த ஒன்றின் விளிம்பு என் கையிலேயே அப்பளம் மாதிரி உடைந்தது.

'சிவ சிவா' என்று மட்டும் சொன்னேன்.

அக்கா முழங்கை வரை கையை விட்டுத் தன் சங்கை எடுத்தார். வெளியே பழுப்பு போயிருந்தது. ஆனால் பால் நிறம் வரவில்லை. வெள்ளையடித்த சுவர் மழையில் நனைந்து காய்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே இருந்த இளஞ்சிவப்பு செத்துப்போயிருந்தது. முதுகில் அடைத்திருந்த இரண்டு பொட்டில் ஒன்று திறந்து ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை தெரிந்தது. அக்கா அதன் வழியாக வானத்தைப் பார்த்தார். ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

'ஆபரேசனுக்கு மொத நாளு இல்ல, அதுக்கு மொத நாளு எனக்கு இதக் காட்டுதே தங்கச்சி' என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மழைக்குக் காலேஜ் லீவு விட்டதால் மகள் வீட்டில் இருந்தாள். ஓடிப் போய் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் ட்ரம்மை எட்டிப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். 'அம்மா, எவ்வளவு நேரமா?' என்றாள். சொன்னேன். அவள் மடப்பள்ளியில் ஆப்பசோடா வாங்கி வாளித் தண்ணீரில் கரைத்து, சங்குகளை ஒவ்வொன்றாக அதில் முக்கி முக்கி எடுத்தாள். இன்னும் கரையாமல் நிறுத்துவதற்காம். நானும் அக்காவும் கூடவே உட்கார்ந்து நல்ல தண்ணீரில் அலசினோம்.

'பெரியம்மா, சங்குங்கிறது சுண்ணாம்பு. புளிப்பு எது பட்டாலும் அரிக்கும்.'

'பொங்கிச்சே பாப்பா. நாங்க அழுக்குன்னு நெனச்சோம்.'

'அது சங்கு, பெரியம்மா. சங்குதான் காத்தா போச்சு.'

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த உஸ்ஸென்ற சத்தம் மறுபடியும் காதில் கேட்டது. நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று சிரித்துக்கொண்டு பார்த்தோமே.

'இந்தப் பழுப்புத் தோல் எதுக்கு இருந்துச்சுன்னு நெனக்கிறீங்க? உள்ள இருக்கிற பூச்சி தன் ஓட்டுக்குப் போட்டுக்கிட்ட போர்வை அது' என்றாள் மகள்.

'பூச்சியா?' என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'அம்மா, சங்குக்குள்ள ஒண்ணு உயிரோட இருந்துச்சு. நத்தை மாதிரி. இதைக் கட்டினதே அதுதான். உனக்குத் தெரியாதா?'

தெரியாது. நாற்பது வருஷம் சங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள், அதற்குள்ளே ஒரு ஜீவன் குடியிருந்தது என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. கடலில் விளைவது என்று தெரியும். உப்பு மாதிரி, பவளம் மாதிரி விளையும் என்று நினைத்திருந்தேன். பவளமும் அப்படித்தான், பூச்சி கட்டுவதுதான் என்று அதையும் அப்போதே சொன்னாள். என் கழுத்தில் ஒரு பவளம் கோர்த்திருந்தது. கை தானாக அங்கே போனது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். வீட்டில் பூட்டைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், 'அட, பாய்லர் ட்யூபுக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சா நாங்க ஆசிட் விட்டு இப்படித்தானே கழுவுவோம்' என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மகள் சங்கை முக்கிக்கொண்டே இருந்தாள். தனக்குத்தானே பேசுவது மாதிரி, 'இதைத்தான் நான் தெனம் பார்க்கிறேன், கொஞ்சம் கொஞ்சமா' என்றாள்.

'எதை?'

'எங்க லேப்ல தொட்டியில கடல் தண்ணி வச்சு, சின்னச் சின்ன சிப்பி விட்டிருக்கோம். ஒரு தொட்டியில சும்மா தண்ணி. இன்னொண்ணுல ஒரு வாயுவை விட்டுட்டே இருப்போம். கோலி சோடாவுல அடைக்கிறாங்களே, அதே வாயு. அது தண்ணியில கரைஞ்சா தண்ணி புளிப்புப் பக்கமா நகரும். அந்தத் தொட்டிச் சிப்பிக்கு ஓடு சரியா கட்ட வரமாட்டேங்குது. மெலிசா, கோணலா கட்டுது. லென்ஸ்ல பார்த்தா பாவமா இருக்கும்.'

'ஏன்டி, பாவம்னு தெரிஞ்சும் ஏன் விடுறீங்க?' என்றேன்.

'நாங்க விட்டுத்தானா ஆகுது? கடல்லயே அந்த வாயு கரைஞ்சுட்டுத்தான் இருக்கு. போகப் போக என்ன ஆகும்னு பார்க்கத்தான் தொட்டியில வச்சிருக்கோம்.'

'கடல்ல யாரு சோடா அடைக்கிறா?' என்றார் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே.

மகள் நிமிர்ந்தாள். மதில் சுவருக்கு மேலே பார்த்தாள். மழை வெறித்திருந்தது. தூரத்தில் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. வெள்ளையாகப் புகை ஒரே சீராகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. 'நம்ம புகையா?'

'நம்மளது மட்டும் இல்லப்பா. உலகத்துல எரியிற கரி, டீசல், எல்லாம். அதுல ஒரு பங்கு கடலுக்குள்ள போயிடுது.'

'அந்தச் சாம்பல்தான் போகுதுன்னு நெனச்சேன். அதைப் புடிக்கத்தான் மெஷின் வச்சிருக்கோமே.'

'இது கண்ணுக்குத் தெரியாதுப்பா.'

அவர் ராத்திரி முழுக்க அந்த பாய்லர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தவர். சட்டைக் காலரில் கரி இருந்தது. அவள் ஹாஸ்டல் பீஸ் அந்தச் சட்டையிலிருந்துதான் போகிறது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு அதைத் திரும்ப எடுத்து உள்ளே போட முடியாதே.

குருக்கள் வந்தார். நடந்ததைச் சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு குடத்தில் தண்ணீர் வாங்கி, ஒவ்வொரு சங்கிலும் ஊற்றி ஊற்றித் தூக்கிப் பார்த்தார். 'நிறம் போனா தோஷமில்லை. தண்ணி நிக்கறதோன்னுதான் பாக்கணும். ஒழுகினா பின்னம். பின்னமானதை அபிஷேகத்துக்கு எடுக்கப்படாது' என்றார். பெரும்பாலும் நின்றது. உடைந்ததையும் ஒழுகினதையும் ஒதுக்கி வைத்தார். கடைசியாக அக்காவின் சங்கு. அக்கா எழுந்து கை கூப்பி நின்றார்.

தண்ணீர் ஊற்றினார். தூக்கினார். முதலில் ஒன்றும் இல்லை. அக்கா என் தோளைப் பிடித்தார். அப்புறம் அந்த ஓட்டையில் ஒரு முத்து மாதிரித் தண்ணீர் திரண்டு, தொங்கி, விழுந்தது. அடுத்தது திரண்டது.

'சாமி, ஒரு சொட்டு தான சாமி. ஒரு சந்தனத்த வச்சு அடச்சிடுங்க. புதங்கெழம ஆபரேசன் சாமி.'

குருக்கள் சங்கைக் கீழே வைத்துவிட்டார். 'அம்மா, நீங்க கொடுத்த அன்னிக்கே சுவாமி வாங்கிண்டுட்டார். உங்க பிரார்த்தனைக்கு ஒண்ணும் குறைவில்லை. ஆனா இதைத் தெரிஞ்சே நடுவுல வைக்க என்னால முடியாது. கடல்லேர்ந்து வந்தது, கடல்லயே விட்டுடுங்கோ. அதான் முறை.'

சாயங்காலம் சங்காபிஷேகம் நடந்தது. நடுவில் வேறு ஒரு சங்கு. சாக்பீஸ் நிறச் சங்குகளில் ஒவ்வொரு பூ. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்கா தூணில் சாய்ந்து நின்று அந்த நடுச் சங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தெழுத்தைச் சொல்லச் சொல்ல, மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அத்தனை சங்கிலும் ஒவ்வொரு ஜீவன் இருந்திருக்கிறது. அத்தனையும் வீடு.

மறுநாள் பாண்டிச்சேரிக்கு வேன். அண்ணன், அக்கா, துணைக்கு நான், காலேஜ் பக்கம் பஸ் பிடிக்க வேண்டும் என்று மகளும். அக்கா மடியில் மஞ்சள் துணியில் சங்கு. ஆஸ்பத்திரியில் சேருவதற்குள் கடலில் விட்டுவிட வேண்டும் என்று கடலூரில் வேனைக் கடற்கரைக்குத் திருப்பச் சொன்னார். மழைக்காலக் கடல். மண் கலங்கி, அலை பெரிசாக வந்தது. அண்ணனை வேனிலேயே உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம்.

அக்கா முழங்கால் அளவு தண்ணீரில் போய் நின்றார். துணியைப் பிரித்தார். நான் கும்பிட்டுக்கொண்டேன். அவர் சங்கை விடவில்லை. ஒரு அலை வந்தது, போனது. இன்னொன்று வந்தது. திரும்பி என் மகளைக் கூப்பிட்டார்.

'பாப்பா. இந்தத் தண்ணியும் அந்த ட்ரம்மு மாதிரிதான்னு தானே சொன்ன?'

'ஐயோ, அவ்வளவு இல்ல பெரியம்மா. புளிப்பே ஆகல. அந்தப் பக்கமா கொஞ்சம் நகர்ந்திருக்கு, அவ்வளவுதான்.'

அக்கா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். 'உப்பாத்தான் கீது.'

'நாக்குக்குத் தெரியாது பெரியம்மா. ஓடு கட்டுறதுக்குத்தான் தெரியும்.'

மகள் அலை வடிகிற ஈர மணலில் கையை விட்டு எதையோ தோண்டி எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். விரல் நகம் அளவுக்கு ஒரு மட்டி. ஊதா நிறத்தில் கோடு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு இரண்டு ஓட்டுக்கும் நடுவிலிருந்து வெள்ளையாக, நாக்கு மாதிரி ஒன்று மெதுவாக நீண்டு அக்காவின் கையைத் தடவியது.

'யம்மாடி!' என்று அக்கா கையை உதறப் போனார். உதறவில்லை. 'இது இன்னா தேடுது?'

'மணலைத் தேடுது. புதையப் பார்க்குது. இந்த ஓடு, இதே கட்டிக்கிட்டது. இந்தத் தண்ணியில கரைஞ்சிருக்கிற சுண்ணாம்புச் சத்தை எடுத்து எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா. அந்த வாயு சேரச் சேர இதுக்கு அந்தச் சத்து கெடைக்கிறது கொறையும்.'

பின்னால் குரல் கேட்டது. அண்ணன் வேனிலிருந்து இறங்கி, ரெண்டு எட்டுக்கு ஒரு தடவை நின்று நின்று, மணலில் நடந்து வந்திருந்தார். 'இன்னா பண்ணிக்கினு கீறீங்க இவ்ளோ நேரம்?' என்று மூச்சு வாங்கினார். அக்கா கையை நீட்டிக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார்.

'அட, இதுக்கும் குவார்ட்டர்ஸ் கீதே! ரிட்டயர் ஆனா காலி பண்ணுன்னு எவனும் வரமாட்டான்' என்றார். பிறகு மஞ்சள் துணியில் இருந்த சங்கைப் பார்த்தார். 'அதுக்கும் ஒழுகுது, எனக்கும் ஒழுகுது. அத மட்டும் எதுக்குத் தண்ணியில போடற? ரெண்டு பேரும் பாண்டிச்சேரிக்கே போவோம். ஏன்டி அழுவுற?'

அப்போதுதான் அக்கா அழுதார். மூடியைத் திறந்தபோது வராத அழுகை, குருக்கள் சொன்னபோது வராத அழுகை, அத்தனையும் வந்தது. அழுதுகொண்டே குனிந்து, கையில் இருந்த மட்டியை அலை வருகிற இடத்தில் மணல் மேல் வைத்தார். அது சாய்ந்து நின்று, தன்னை ஆட்டி ஆட்டி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. அக்கா அந்த இடத்தையே பார்த்தார்.

'இதுக்குப் போக வேற எடம் இல்ல' என்றார்.

சங்கை மறுபடியும் துணியில் சுற்றிக்கொண்டு வேனுக்கு நடந்தார். குருக்கள் முறை என்று சொன்னது. ஆபரேஷனுக்குப் போகிற வழியில் அதை மீறுகிறார். 'அக்கா, விட்டுடுங்க, வேணாம்' என்றேன். அவர் காதில் விழவில்லை. நான் வேனில் உட்கார்ந்து பாண்டிச்சேரி வரைக்கும் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அது சுவாமியின் கருணை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மார்பில் தழும்போடு அண்ணன் தை மாதம் வீடு திரும்பினார். பங்குனியில் தன் காலால் கோயிலுக்கு நடந்து வந்தார். காது வைத்துக் கேட்டால் அந்தப் புது வால்வு டிக் டிக் என்று அடிப்பது கேட்கும் என்று தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். என் வீட்டுக்காரர் எப்போதும்போல் ஷிஃப்டுக்குப் போனார், வந்தார். சைக்கிளை எடுக்குமுன் ஒரு நிமிஷம் புகைபோக்கியைப் பார்ப்பது மட்டும் புதுப் பழக்கம். மகள் போன் பண்ணினால், 'உன் சிப்பி எப்படி இருக்கு?' என்று கேட்பார். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிடுவார்.

சங்கு அக்கா வீட்டில் சாமி அலமாரியில் இல்லை. பின்னமானதாயிற்றே. ஹால் ஜன்னலில் இருந்தது. அதன் மேல் எங்கள் ஊர்ச் சாம்பல் படியும். அக்கா உலர்ந்த துணியால் துடைப்பார். தண்ணீர்கூடப் படவிடமாட்டார்.

பங்குனி உத்திரத்தன்று அண்ணன் பேருக்கு அர்ச்சனை முடிந்து விபூதி கொடுக்கும்போது குருக்கள் ஞாபகமாகக் கேட்டார். 'அந்தச் சங்கை விட்டுட்டேளா அம்மா?'

'இல்ல சாமி' என்றார் அக்கா. 'கடலுக்கு ஒடம்பு சரியாவட்டும். வுடறேன்.'

குருக்களுக்குப் புரியவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். 'கடலுக்கு என்ன?'

எனக்குத் தெரியும். மகள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் சந்நிதியில் நின்றுகொண்டு, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.